எழுத்து மட்டும் முடிந்த பெண்

ஒஸ்லோவில் கல்யாணம் செய்ய வேண்டுமானால் முதலில் வரி அலுவலகத்துக்குப் போகவேண்டும் என்று என் தம்பி முரளி தொலைபேசியில் சொன்னபோது, குளிர் பையனின் தலைக்கேறிவிட்டது என்றுதான் நினைத்தேன். விசாரித்தால் உண்மைதான். மக்கள் பதிவேடு அங்கே வரித்துறையின் கையில் இருக்கிறதாம். வெளிநாட்டுக்காரர்கள் கல்யாணம் செய்வதென்றால் அந்தப் பதிவேட்டுக்காரர்கள் எல்லாக் காகிதங்களையும் பார்த்து, இவர்களுக்கு இடையூறு எதுவும் இல்லை என்று ஒரு சான்று கொடுக்க வேண்டும். அது இல்லாமல் அந்த நாட்டில் யாரும் யாரையும் சேர்த்துவைக்க முடியாது.

நான் திண்டுக்கல் பக்கத்தில் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் இருபத்துமூன்று வருடமாக வேலை பார்க்கிறவள். வாரிசுச் சான்று, வருமானச் சான்று, இறப்புச் சான்று என்று என் மேசையைத் தாண்டாத காகிதம் கிடையாது. முரளிக்கு மணமாகாதவர் சான்று வேண்டும் என்றதும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று கையெழுத்தையும் இரண்டே நாளில் வாங்கினேன். பிறகு சென்னையில் ஒரு முத்திரை, டெல்லியில் ஒரு முத்திரை. இவ்வளவும் வாங்கிய காகிதத்தைத் தபாலில் போட மனம் வரவில்லை.

அதோடு இன்னொன்றும் இருந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு சாட்சி, பெண்ணுக்கு ஒரு சாட்சி வேண்டும். 'இவரை எனக்கு இத்தனை வருடமாகத் தெரியும், இவருக்கு முன்பு கல்யாணம் ஆகவில்லை' என்று அவர்கள் மனச்சாட்சிப்படி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முரளிக்குத் தொட்டில் கட்டியவளே நான்தான். அம்மாவுக்கு மூட்டுவலி, என் வீட்டுக்காரருக்கு விமானம் என்றால் பயம். ஆகவே கைப்பையில் சான்றிதழையும் பெட்டியில் பட்டுச்சேலையையும் வைத்துக்கொண்டு நானே கிளம்பினேன்.

பெண்ணின் பெயர் வதனி. யாழ்ப்பாணத்துப் பெண். இருபது வயதில் அகதியாக ஒஸ்லோ வந்து, இப்போது முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். கோயிலில் பார்த்துப் பழகினார்களாம். கோயிலில் தாலி கட்ட நாள் குறித்தாகிவிட்டது. நான் இறங்கிய நாளிலிருந்து சரியாகப் பதினாறாம் நாள். அதற்குள் வரி அலுவலகத்துச் சான்று வரவேண்டும். எனக்கும் அத்தனை நாள்தான் விடுப்பு.

முதல் நாள் முழுவதும் அதிர்ச்சிதான். மூன்றரை மணிக்கு இருட்டிவிட்டது. என் கைக்கடிகாரம் நின்றுவிட்டது என்று நினைத்து அதைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு காப்பிக் கடை வாசலில் ஐந்து தள்ளுவண்டிகள் நின்றன. எட்டிப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை, மூக்கு சிவந்து, அந்தக் குளிரில் அசந்து தூங்குகிறது. பெற்றவர்கள் உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நம் ஊராக இருந்தால் அதற்குள் நாலு பேர் கூடியிருப்பார்கள், போலீஸ் வந்திருக்கும். நல்ல காற்று குழந்தைக்கு ஆரோக்கியம் என்பது இவர்கள் நம்பிக்கை என்றான் முரளி. நான் அங்கேயே கொஞ்ச நேரம் காவலுக்கு நின்றேன்.

ஹவுகன்ஸ்டுவா என்ற இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் அவனுக்கு ஓர் அறை. ராத்திரிக்கு ரொட்டியும் பழுப்பு நிறத்தில் ஒரு பாலாடைக்கட்டியும் வைத்தான். பார்த்தால் கருப்பட்டி. வாயில் வைத்தால் திரட்டுப்பாலில் யாரோ தவறிப்போய் உப்பைக் கொட்டியது போல இருந்தது. பெட்டியிலிருந்து புளிக்காய்ச்சலை எடுத்தேன்.

மறுநாள் வதனியின் வீட்டில் மதியச் சாப்பாடு. புருசெத் என்ற இடத்தில் அவள் தன் சின்னம்மாவோடு இருக்கிறாள். சின்னம்மா தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டு, "பானெயிலை ஏறி வாங்கோ, சுகமா வரலாம்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுரங்க ரயிலுக்கு அந்த ஊரில் அப்படிப் பெயராம். முரளி என்னை நகரத்து நடைமேடையில் நிறுத்தி, அடுத்து வருகிற வண்டியில் ஏறு என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினான். அவன் படியேறி மறைவதற்குள் ஒரு வண்டி வந்தது. ஏறினேன். அது அவன் சொன்ன வண்டி அல்ல, தாமதமாக வந்த, வேறு பக்கம் போகிற முந்தைய வண்டி.

அரை மணி நேரம் கழித்து ஒரு காட்டோரத்தில் கடைசி நிறுத்தத்தில் நின்றது. பெட்டியில் நான் மட்டும். ஓட்டுநர் அறையிலிருந்து இறங்கி வந்தவர் என் கம்பளிக் கோட்டுக்கு அடியில் சேலையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது உங்கடை பானெ இல்லை" என்றார். நார்வே ரயிலை ஓட்டுகிறவர் தமிழ் பேசுவார் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. பிறகு நான் பேசத் தொடங்கியதும் அவர் சிரித்து, படத்தில் கதைக்கிற மாதிரியே கதைக்கிறீர்கள் என்றார். அவர் பேசுவது வானொலி நாடகம் மாதிரி இருப்பதாக நான் சொன்னேன். திரும்பும் வண்டியில் என்னை முன்பெட்டியில் உட்கார வைத்து, மாறவேண்டிய நிறுத்தத்தில் கதவைத் திறந்து, எந்த வண்டி என்று கையைக் காட்டிவிட்டுத்தான் போனார். இருவரும் பேசியது தமிழ்தான். ஆனாலும் பாதியைத்தான் புரிந்துகொண்டேன். அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புருசெத்தில் புட்டு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, மீன் தீயல், சொதி. வதனி ஒல்லியான, அமைதியான பெண். என்னை "மச்சாள்" என்று கூப்பிட்டாள். எங்கள் பக்கத்தில் அப்படி யாரும் நாத்தனாரைக் கூப்பிடமாட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, பிடித்தும் இருந்தது. அவள் உள்ளே தேநீர் போடப் போனபோது சின்னம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், நிமிர்ந்து பேசுகிற மனுஷி.

"உங்களுக்குச் சொல்லாமல் விடக்கூடாது. வதனிப் பிள்ளைக்கு ஊரிலை முந்தி ஒருக்கா எழுத்து முடிஞ்சது. பேந்து இடம்பெயர்வு வந்து எல்லாம் குழம்பிப் போச்சு. அந்தப் புத்தகமும் எரிஞ்சு போச்சு எண்டு சொன்னவை. தம்பிக்கும் பிள்ளை சொல்லியிருக்கு."

எங்கள் ஊரில் நிச்சயதார்த்தம் என்றால் லக்னப் பத்திரிகை எழுதுவார்கள். ஐயர் மஞ்சள் தடவிய தாளில் எழுதி, சபையில் வாசித்து, தட்டு மாற்றுவார்கள். எழுதிய பிறகு நின்றுபோன சம்பந்தங்கள் எனக்கே நாலைந்து தெரியும். ஆகவே நான் பெரிய மனது பண்ணி, அதுக்கென்ன, எங்க ஊர்லயும் இதெல்லாம் நடக்கிறதுதானே என்றேன். சின்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். இப்படியொரு பெருந்தன்மையான குடும்பம் கிடைத்ததே என்றார். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அடுத்த இரண்டு நாட்கள் படிவங்கள். முரளிக்கு நான் சாட்சி, வதனிக்குச் சின்னம்மா சாட்சி. 'முன்பு திருமணமானவரா' என்ற கேள்விக்கு இருவரும் இல்லை என்று எழுதினோம். வதனிக்கு வரவேண்டியது ஒரே ஒரு காகிதம். அவள் பெயரில் எந்தத் திருமணமும் பதிவாகவில்லை என்று கொழும்பில் தேடிப் பார்த்துக் கொடுக்கிற சான்று. அங்கே இருக்கிற ஒரு உறவினர் விண்ணப்பித்து, கிடைத்ததை உறையோடு அப்படியே அனுப்பியிருந்தார். நாங்கள் போகவேண்டிய நாள் காலையில்தான் அது வந்தது. வதனி பிரிக்கப் போனாள். நான்தான் தடுத்தேன். அரசு முத்திரை வைத்த உறையை மனுதாரர் பிரித்துக் கொண்டுபோனால் எங்கள் அலுவலகத்தில் சந்தேகப்படுவோம். அப்படியே கொண்டுபோய் அதிகாரி முன்னால் வை, அதுதான் கௌரவம் என்றேன்.

அந்த வரி அலுவலகத்தைப் பார்த்தால் அலுவலகம் என்று சொல்லமாட்டீர்கள். கட்டுக்கட்டாகக் கோப்பு இல்லை, சத்தம் இல்லை, மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர் இல்லை. ஒரு இயந்திரம் சீட்டில் எண் கொடுக்கிறது. எண் வந்தால் போகலாம். இருபத்துமூன்று வருடத்தில் நான் எத்தனை பேரிடம் நாளைக்கு வாங்க என்று சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். வதனி, முரளி, நான் மூவரும் ஒரு நீள இருக்கையில் உட்கார்ந்தோம். சின்னம்மாவுக்கு வேலை. அவருடைய படிவம் மட்டும் எங்களிடம் இருந்தது.

எதிரே இரண்டு ஆண்கள். ஒருவர் அறுபது வயது வெள்ளைக்காரர். மற்றவர் கொஞ்சம் இளையவர், வேறு ஏதோ நாட்டுக்காரர், மடியில் எங்களுடையது போலவே தடித்த கோப்பு. அண்ணன் தம்பியா, பார்த்தால் அப்படித் தெரியலையே என்று முரளியிடம் கேட்டேன். அவர்களும் நம்மைப் போலத்தான்கா, சேர்ந்து வாழ்வதைப் பதிவு செய்ய வந்திருக்கிறார்கள் என்றான். எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த அரசாங்கம் இதற்கும் படிவம் வைத்திருக்கிறது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த வயதானவர் எழுந்து வந்து மூவருக்கும் புதினா மிட்டாய் நீட்டினார். நீட்டிய கையை மறுக்க எனக்குத் தெரியாது. வாங்கிக்கொண்டேன்.

எங்கள் எண் வந்தது. நரைமுடியும் கையால் பின்னிய ஸ்வெட்டருமாக ஒரு அம்மாள். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். முரளியின் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இந்தக் கையெழுத்தும் முத்திரையும் யார் யாருடையது என்று கேட்டார். ஒவ்வொன்றாக விளக்கினேன். எத்தனை வருடமாக இவரைத் தெரியும் என்றார். முப்பத்துநாலு என்றதும் சிரித்தார். முரளியின் காகிதங்கள் எல்லாம் சரி என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

பிறகு வதனியின் உறையைக் கத்தரியால் வெட்டினார். உள்ளே ஒரு தாளும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும். ஒருமுறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, மறுபடி படித்தார். எங்களைப் பார்க்காமல் வதனியை மட்டும் பார்த்து அவர்கள் மொழியில் மெதுவாக ஏதோ கேட்டார். வதனியின் முகம் வெளுத்துப் போனது. மேசைமேல் அவள் கையோடு இருந்த முரளியின் கை பின்வாங்கியது.

"என்னடா சொல்றாங்க?" என்றேன்.

"ரவீந்திரன் யாருன்னு கேக்கறாங்கக்கா."

பதிவேடு எரியவில்லை. எரிந்தது உள்ளூர்ப் பதிவாளர் கையிலிருந்த புத்தகம். அதன் பிரதி முன்னமே கொழும்புக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. எங்கள் கையில் வந்தது மணமாகாதவர் சான்று அல்ல, திருமணப் பதிவின் நகல். மணமகள் வதனி, வயது பத்தொன்பது. மணமகன் ரவீந்திரன், வயது இருபத்தைந்து. பெண்வீட்டில் வைத்து, பதிவாளர் முன்னிலையில். கீழே இரண்டு சாட்சிகள். அதில் ஒரு கையெழுத்தை நான் ஏற்கெனவே படிவத்தில் பார்த்திருந்தேன். அது சின்னம்மாவுடையது. வதனிக்கு முன்பு கல்யாணமே ஆகவில்லை என்று சின்னம்மா எழுதிக்கொடுத்த படிவத்தை அதிகாரி எடுத்து, அந்த நகலின் பக்கத்தில் வைத்தார். ஒரே வளைவு, ஒரே சுழி.

பொய் வாக்குமூலம் எந்த ஊரிலும் குற்றம்தான். அது அதிகாரிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்தார். பிறகு கீழே வைத்தார். நான் இதை இன்னும் பதிவு செய்யவில்லை என்று சொல்லி, அந்தப் படிவத்தை மட்டும் எங்கள் பக்கம் தள்ளினார். நான் அதை மடித்துக் கைப்பையில் போட்டேன்.

திருமணமான ஒருவரை மணமாகாதவர் என்று தான் எழுத முடியாது என்று அவர் சொன்னார். அந்த மனிதர் உயிரோடு இருந்தால் இருவரும் கையெழுத்திட்ட மணமுறிவு வேண்டும். இவ்வளவு காலம் பிரிந்து வாழ்ந்தவர்கள், இருவரும் சம்மதித்தால் அது கடினமில்லை. அவர் இறந்திருந்தால் இறப்புச் சான்று. இரண்டில் ஒன்றோடு வாருங்கள் என்றார். வதனி தலையைக் குனிந்தபடி, அவர் இருக்கிறாரா இல்லையா என்றே தனக்குத் தெரியாது என்றாள்.

வெளியே வரும்போது அந்த இளையவர், ஒரு காகிதம் குறைகிறதா என்று பரிவோடு கேட்டார். தங்களுக்கு மூன்று முறை அப்படி ஆயிற்றாம். "இல்லை, ஒன்று அதிகமாகிவிட்டது" என்றான் முரளி.

அன்று மாலை முரளி வதனியைக் கூப்பிடவே இல்லை. எனக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை. இன்னொருத்தனுக்குப் பெண்டாட்டியாக இருக்கிறவளை என் தம்பிக்குக் கட்டிவைக்கப் பார்த்தார்கள் என்றே நினைத்தேன். அம்மா கூப்பிட்டபோது எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று பொய் சொன்னேன். இதை விட்டுவிடு, ஊருக்கு வா, ஆறு மாதத்தில் பெண் பார்க்கிறேன் என்று முரளியிடம் சொன்னேன். எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியலைக்கா என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் தனியாகவே புருசெத்துக்குப் போனேன். கோபத்தில் போனதாலோ என்னவோ, சரியான வண்டியில் ஏறினேன். வதனி சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க" என்றேன்.

சின்னம்மா என்னைவிட அதிர்ச்சியாகப் பார்த்தார். "சொன்னனான்தானே. இந்தக் கதிரையிலை இருந்து, எழுத்து முடிஞ்சது எண்டு சொன்னனான். அதுக்கென்ன எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. எழுத்து என்றால் இவர்களிடம் லக்னப் பத்திரிகை இல்லை. பதிவாளர் வீட்டுக்கு வந்து, சட்டப்படி கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதுதான் எழுத்து. மாப்பிள்ளை வெளிநாடு போகிற ஆள் என்றால் முதலில் எழுத்தை முடித்து வைத்துவிடுவார்களாம், விசாவுக்குக் காகிதம் வேண்டுமே. தாலி பிறகு, நாள் பார்த்து. இவர்கள் விஷயத்தில் அந்த நாள் வருவதற்குள் போர் வந்து ஊரே இடம்பெயர்ந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், இவர்கள் ஒரு பக்கம். பதிவாளரின் புத்தகம் எரிந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், அதோடு அந்தச் சம்பந்தம் தீர்ந்தது என்று விட்டுவிட்டார்கள்.

"தாலி ஏறேல்லை மச்சாள். நான் அவரோடை ஒரு நாள்கூட இருக்கேல்லை. அவற்றை முகம்கூட எனக்கு வடிவா ஞாபகமில்லை. பிறகு என்னண்டு அது கலியாணம்?" என்றாள் வதனி.

எங்களிடம் எல்லாம் நேர்மாறு என்றேன். எனக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருடம், தாலி இருக்கிறது, போட்டோ இருக்கிறது, எந்த அலுவலகத்திலும் ஒரு வரி பதிவு கிடையாது. ஊரில் பாதிப்பேர் அப்படித்தான். சின்னம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப நீங்கள் இன்னும் எழுதேல்லையோ?" என்றார், நிஜமாகவே திடுக்கிட்டுப் போய்.

அவ்வளவு நேரத்தில் முதல்முறையாக எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. வதனிக்கு வரவில்லை. நான் கைப்பையிலிருந்த படிவத்தை எடுத்துச் சின்னம்மாவிடம் கொடுத்து, அதிகாரி செய்ததைச் சொன்னேன். அவர் அதை நாலாகக் கிழித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை. ராத்திரி முரளியிடம் இதைச் சொன்னேன்.

"எங்கிட்டயும் அவ சொன்னாக்கா. எனக்கும் புரியலை. புரியாமத் தலையாட்டுனேன்" என்றான். பிறகு, "ஆனா அந்தம்மா அந்தப் பேரை வாசிச்சப்ப உள்ளுக்குள்ள என்னமோ ஆயிடுச்சு" என்றான்.

இனி செய்யவேண்டியது ரவீந்திரனைக் கண்டுபிடிப்பது. காகிதத்தில் அவர் அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் இருந்தன. எங்கள் அலுவலகத்தில் ஓர் ஆளைத் தேட மூன்று மாதமும் ஆறு கடிதமும் ஆகும். சின்னம்மா தொலைபேசியை எடுத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தார். முதலில் நார்வேயிலேயே ஸ்தவாங்கர் நகரத்தில் இருக்கிற, ரவீந்திரனின் ஊர்க்காரர் ஒருவர். அவர் லண்டனில் ஓர் ஆசிரியரின் எண்ணைத் தந்தார். அவர் மூலம் கனடாவில் ஒரு மச்சான். அடுப்பில் சோறு வேகும்போதே உலகத்தைச் சுற்றி வந்துவிட்டார். ஆள் உயிரோடு இருக்கிறார். பாரிஸில், ஒரு உணவகத்துச் சமையலறையில். கோயிலில் தாலி கட்டி, இரண்டு பிள்ளைகள்.

அவர் மனைவியைப் பற்றித்தான் எனக்குப் பயம். இத்தனை வருடம் கழித்து ஒருத்தி தொலைபேசியில் கூப்பிட்டு, உன் புருஷனுக்குச் சட்டப்படி நான்தான் மனைவி என்றால் எந்தப் பெண் சும்மா இருப்பாள்? அவர் கையெழுத்துப் போட மறுத்தால் வதனி நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும். அது வருடக்கணக்காகும். முரளி அதுவரை காத்திருப்பானா என்று எனக்கே தெரியாது. கோயிலில் குறித்த நாளைத் தள்ளிவைக்கச் சொல்லியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூப்பிடுவதென்று முடிவு. முரளி வந்தான். அலுவலகத்துக்குப் போன நாளுக்குப் பிறகு அவன் புருசெத்துக்கு வருவது அதுதான் முதல் தடவை. வதனியின் பக்கம் போகவில்லை. ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வெளியே பனி பெய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னம்மா எண்களை அழுத்திவிட்டுக் கருவியை என்னிடம் நீட்டினார்.

"நீங்கள் கதையுங்கோ. உங்களுக்குத்தான் கந்தோர் விசயம் தெரியும்." கந்தோர் என்றால் அவர்கள் பேச்சில் அலுவலகம்.

ஒரு பெண்குரல் எடுத்தது. பின்னால் பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை போட்டார்கள். ரவீந்திரன் இருக்கிறாரா என்றேன். வேலைக்குப் போய்விட்டார், தான் அவருடைய மனைவி என்றார். நார்வேயிலிருந்து பேசுகிறேன், வதனி என்கிற பெண்ணைப் பற்றி என்று தொடங்கினேன்.

"நீங்கள் அவவின்ரை ஆக்களோ?" என்று கேட்டார். "அவவின்ரை மரணச் சான்றிதழ் உங்களிட்டை இருக்கோ?"

பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். அந்தப் பெண் மடமடவென்று சொல்லிக்கொண்டே போனார். இடம்பெயர்ந்தபோது வதனி ஷெல் விழுந்து செத்துப்போனாள் என்றுதான் அவர்களுக்குச் செய்தி. கோயிலில் தாலி கட்டினார்கள். பிறகு நகரசபையில் பதிவு செய்யப் போனால், அவருடைய அகதி விண்ணப்பத்தில் வதனியின் பெயர் இருக்கிறது என்று முதல் மனைவியின் இறப்புச் சான்று கேட்கிறார்கள். ஊருக்கு எழுதி எழுதிப் பார்த்துவிட்டார்கள். இப்போது அவள் செத்ததைப் பார்த்தோம் என்று சத்தியக் கடதாசி கொடுக்க இரண்டு பேரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இன்னும் ஒரு மாதத்தில் கிடைத்துவிடும் என்று கொழும்பில் சொன்னார்களாம்.

நான் எத்தனையோ இறப்புச் சான்று பார்த்தவள். உயிரோடு இருக்கிறவள் என் எதிரே சோபாவில் உட்கார்ந்து விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, அவளுடைய இறப்புச் சான்றுக்காக ஒரு குடும்பம் வருடக்கணக்காக அலைவதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அவ சாகலைம்மா. என் எதிர்லதான் உட்கார்ந்திருக்கா. அவளுக்கும் உங்க வீட்டுக்காரர் இருக்காரா இல்லையான்னு தெரியாது. அவளுக்கும் ஒரு காகிதம்தான் வேணும்."

அழுவார், அல்லது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. பிள்ளைகளை அதட்டி அறைக்கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு மிகச் சின்னக் குரலில் கேட்டார்.

"அப்ப அவ கையெழுத்து வைப்பாவோ? நாங்களும் எழுத்து எழுதலாமோ, அக்கா?"

நீ கையெழுத்துப் போடுவியான்னு கேக்கறாங்க என்று வதனியிடம் சொன்னேன். ஒரு வாரமாக என் தம்பி, என் விடுப்பு, என் குடும்ப கௌரவம் என்றே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காகிதத்தின் மறுபக்கத்தில் தாலியோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஒருத்தி காத்திருப்பாள் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

வதனி எழுந்து வந்து கருவியை என் கையிலிருந்து வாங்கினாள்.

"அக்கா, நான் வதனி கதைக்கிறன். நான் சாகேல்லை. எங்கை கையெழுத்து வைக்கவேணும் எண்டு சொல்லுங்கோ, நான் வைக்கிறன்."

அந்தப் பெண் ஏதோ ஒரு முகவரியைச் சொல்லத் தொடங்கினார் போல. வதனி எழுதுவதற்கு எதையோ தேடினாள். முரளி ஜன்னலோரத்திலிருந்து எழுந்து, சட்டைப்பையிலிருந்த பேனாவை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.